இன்னும் ஒரு சுற்று

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் கவனித்துவிட்டேனா என்ற கவலைதான். குழாய் சொட்டினால் மனைவி சத்தமில்லாமல் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்துவிடுவாள். மின்விசிறி கடகடத்தால் மகன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு படிப்பான். விஷயம் என் காதுக்கு எட்டினால் திருப்புளியோடு வந்து நிற்பேன், அதற்குப் பிறகு ஆகிற செலவே வேறு என்பது இருவருக்கும் தெரியும். படுக்கையறைக் கதவு விஷயத்தில் மட்டும் அவர்களால் எதையும் மறைக்க முடியவில்லை. கதவு தரையில் உரசிய சத்தம் நேராக என்னிடமே வந்துவிட்டது.

ஐப்பசி அடைமழை. திறக்கும்போதெல்லாம் கதவின் வெளி மூலை டைல்ஸில் கரகரவென்று இழுபட்டது. எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. காரணம் உடனே தெரிந்துவிடுவதுதான் எனக்குள்ள பெரிய வியாதி. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும், உப்பினால் உரசும். மகனைக் கூப்பிட்டு நிற்கவைத்து இதை விளக்கினேன். சொன்னதில் பொய்யில்லை, பாதியில் நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். மரம் உப்புவது பெரும்பாலும் குறுக்குவாக்கில். நார் ஓடுகிற நீளவாக்கில் அது உப்புவது கண்ணுக்கே தெரியாது. ஏழடிக் கதவு மழையில் உப்பினால் தாழ்ப்பாள் பக்கம் நிலையோடு முட்டி இறுகும். கால் முளைத்துத் தரையைத் தொடாது. இந்த மீதிப் பாதி எனக்கு விளங்கியபோது கதவின் அடியில் நான்கு மில்லிமீட்டர் காணாமல் போயிருந்தது.

கதவைக் கழற்றாமலே அடியைத் தேய்க்க ஒரு வழி உண்டு. கரடுமுரடான உப்புத்தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் கதவை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கதவு தன்னைத் தானே தேய்த்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த அன்று வீட்டுக்குள் நான் நடந்த நடையை மனைவி இன்றும் உறவினர்களுக்கு நடித்துக் காட்டுகிறாள். உரசல் நின்றது. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. திரும்ப உப்புத்தாள். அப்புறம் உப்புத்தாளின் வேகம் போதாமல் ஆக்சா பிளேடை அடியில் விட்டு மூலையைச் சீவினேன். கதவு இறங்க இறங்க நான் சீவ, நான் சீவி முடிப்பதற்குள் அது இன்னும் கொஞ்சம் இறங்க, எங்கள் இருவருக்கும் ஒரு புரிதல் ஏற்பட்டிருந்தது.

நடுவில் தாழ்ப்பாள் தகராறு வேறு. தாழ்ப்பாள் கம்பி நிலையில் இருந்த ஓட்டைக்குள் போகாமல் அதன் கீழ் விளிம்பில் முட்டி நின்றது. ஓட்டை போட்டவன் தப்பான இடத்தில் போட்டுவிட்டான் என்று தீர்மானித்து, உளியை எடுத்து அதைக் கீழ்ப்பக்கமாக நீட்டினேன். இத்தனை வருடம் அதே ஓட்டையில்தான் தாழ்ப்பாள் விழுந்துகொண்டிருந்தது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னதோடு நின்றாள். நான் கூடத்தை இடித்து நிமிர்த்தவே கிளம்பிவிட்டேன்.

உண்மையைக் கண்டது மனைவிதான், அதுவும் ஒட்டடை அடிக்கும்போது. "என்னங்க, இந்த மேல் கீலைப் பாத்தீங்களா? நிலைய விட்டு வெளிய வந்திருக்கு." ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். கீலின் தகட்டுக்கும் நிலைக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்குரூக்களை விரலாலேயே சுற்ற முடிந்தது.

அன்று ராத்திரி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். என்னைப் போன்றவர்கள் கணக்கை எப்போதும் வேலைக்குப் பிறகுதான் போடுவோம். கதவு 7 அடி உயரம், 3 அடி அகலம், எடை சுமார் 30 கிலோ. அந்த எடை கீலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கதவின் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதனால் கதவு எந்நேரமும் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கிறது. கீழ்க் கீல் நிலைக்குள் அழுந்துகிறது; மேல் கீல் நிலையைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே 5 அடி இருந்தால் மேல் கீலை இழுக்கும் விசை 9 கிலோ. யாரும் தொடாதபோதும், நடுராத்திரியிலும் 9 கிலோ. கதவின் பின்னால் நாம் மாட்டுகிற சட்டை, துண்டு, கைப்பை எல்லாம் இதற்கு மேலே. 20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடினால் இழுப்பு இரண்டு மடங்கைத் தாண்டும். அப்படி மேல் கீல் 3 மி.மீ. வெளியே வந்தால் எதிர்ப்பக்க மூலை ஏறக்குறைய 2 மி.மீ. தரையை நோக்கி இறங்கும். கோளாறு மேலே, சத்தம் கீழே. நான் சத்தம் வந்த இடத்தைச் சீவிக்கொண்டிருந்தேன்.

பழைய ஆட்கள் இந்த இழுபறிக்கே இடம் வைக்கவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் பர்மா தேக்குக் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட கதவுகள் பலவற்றில் கீலும் கிடையாது, ஸ்குரூவும் கிடையாது. கதவு மரத்திலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, கீழ்க் குடுமியைக் குழியில் உட்காரவைத்திருப்பார்கள். கதவின் எடை மொத்தமும் தரையில் இறங்கிவிடும். பிய்ந்து வர அங்கே ஒன்றுமில்லை. டைட் பண்ணவும் ஒன்றுமில்லை. என்னைப் போல ஒருவன் பின்னால் வந்து பிறப்பான் என்று யோசித்தே செய்திருக்கிறார்கள்.

எங்கள் கதவில் ஸ்குரூ இருந்தது. லூஸாக இருக்கிற ஸ்குரூவைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மூக்குக்கண்ணாடிக் காம்பின் ஸ்குரூவை இறுக்கிக் காம்பையே ஒடித்த கை அது. குக்கர் கைப்பிடியை இறுக்கி அதில் விரிசல் விழவைத்த கை. திருகினேன். சுற்றியது. இன்னும் ஒரு சுற்று. அப்போதும் சுற்றியது. ஸ்குரூ மரத்தில் நிற்பதன் சூட்சுமம் எளிமையானது. அதன் மரை மரநார்களை வெட்டிக்கொண்டு உள்ளே போகிறது. வெட்டுப்பட்ட நார்கள் மரையின் பள்ளங்களில் சிக்கி அதைப் பிடித்துக்கொள்கின்றன. தலை தகட்டில் உட்கார்ந்த பிறகும் திருகினால் ஸ்குரூ முன்னே போக வழியில்லை. நின்ற இடத்திலேயே சுற்றி, பிடித்திருந்த நார்களை அறுத்துத் தூளாக்குகிறது. இறுக்குகிறேன் என்று நினைத்து உள்ளே துருவிக்கொண்டிருந்தேன்.

ஸ்குரூவின் தலைகூட என்னை எச்சரித்தது. கூட்டல் குறி போட்ட ஸ்டார் தலை இருக்கிறதே, அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை பெற்றது, அதில் அளவுக்கு மீறித் திருகினால் திருப்புளி தானாக மேலேறி வெளியே துள்ளும். அத்தோடு நிறுத்திக்கொள்வது மரியாதை. நான் உடம்பு எடை முழுவதையும் சாய்த்து அழுத்தி, கூட்டல் குறியை வட்டமாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தேன்.

அடுத்தது சுத்தியல். இதில் எனக்கு முன்னோடிகள் உண்டு. அவசர வேலைக்காரர்கள் ஸ்குரூவை முக்கால்வாசி சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றுக்கு மட்டும் திருப்புளியை எடுப்பார்கள். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே மரை வெட்டவேண்டிய நார் நசுங்கிக் கிழிந்து கிடக்கும். அப்படி மாட்டிய கீல் பிறந்த நாளிலிருந்தே பாதி உயிரோடு இருக்கிறது. மீதி உயிரை எடுக்க என் போன்றவர் ஒருவர் போதும். நானும் தலையில் நாலு போட்டேன். நின்றது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது கையோடு வந்தது.

ஓட்டை பெரிதானால் தீக்குச்சியைச் செருகிப் பசை விடலாம் என்பது ஊரறிந்த வைத்தியம். சாமி அலமாரியில் இருந்த தீப்பெட்டியை எடுத்தேன். அது மெழுகுத் தீக்குச்சி. மரம் என்று அதில் ஒரு துளி கிடையாது, காகிதமும் மெழுகும்தான். மெழுகில் பசை ஒட்டாது. போதாததற்கு, ஸ்குரூ வழுக்கிக்கொண்டு இறங்குவதற்காகத் தச்சர்கள் தடவுகிற பொருளே மெழுகுதான். என் ஸ்குரூ அத்தனை சுகமாக உள்ளே போனது. அதே சுகத்தோடு வெளியே வந்தது. மருந்துத் தலையைக்கூடக் கிள்ளாமல் குச்சிகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த மனைவி, "கதவைச் சரி பண்றீங்களா, கொளுத்தப் போறீங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அவள் அந்தப் பக்கம் போனதும் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவினேன். அளவாக ஒடித்து, வெள்ளைப் பசையில் தோய்த்து, ஓட்டை நிறையச் செருகினேன். என் வரலாற்றிலேயே சரியான திசையில் வைத்த ஒரே அடி இதுதான். ஆனால் வெள்ளைப் பசை தண்ணீர் கலந்த பசை. அந்தத் தண்ணீர் மரத்துக்குள்ளும் காற்றிலும் போன பிறகுதான் அதற்குப் பிடிப்பே வரும். ஒரு ராத்திரியாவது அதைத் தொடாமல் இருக்க வேண்டும். தொடாமல் இருப்பதென்பது எனக்குக் கைவராத கலை. ஈரத்தோடு ஈரமாக ஸ்குரூவை முடுக்கி, கதவை மாட்டி, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே கீல் பல்லிளித்தது. துடைப்பம் இளைத்திருந்ததை மறுநாள் காலை மனைவி கண்டுபிடித்தாள்.

பிறகு ராவல் பிளக். எலெக்ட்ரீஷியன் சுவரில் ஓட்டை போட்டுச் செருகுவாரே, அந்தப் பிளாஸ்டிக் குழல். ஸ்குரூ உள்ளே போகப் போக அது விரிந்து செங்கல்லை நாலா பக்கமும் நெட்டித் தள்ளும். செங்கல் அசையாமல் நிற்பதால் பிடிப்பு கிடைக்கும். மரத்துக்கு அந்தக் குணம் இல்லை. நெட்டித் தள்ளினால் நார் ஓடும் வழியே பிளந்துகொள்ளும். நிலைக்காலில் ஓட்டையிலிருந்து கீழ்நோக்கி ஒரு வெடிப்பு ஓடியது. ஆப்பசைத்த குரங்குக்காவது ஆப்பை வேறு யாரோ வைத்திருந்தார்கள்.

"பெரிய ஸ்குரூவா போட்டா என்னப்பா?" என்றான் மகன். நல்ல யோசனைதான். ஓட்டைக்கு அப்பால் பழுதாகாத மரம் இருக்கிறது; நீளமான ஸ்குரூ அங்கே போய்ப் பிடிக்கும். ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "எத்தனை நம்பர் சார்? எத்தனை இஞ்ச்?" என்றார் கடைக்காரர். விரல்களை விரித்து இவ்வளவு என்று காட்டினேன். "எட்டு நம்பர் போதுமா?" என்றார். எட்டு மில்லிமீட்டர் என்று நினைத்துத் திடுக்கிட்டு, அவ்வளவு தடிமன் வேண்டாம் என்றேன். நம்பர் என்பது மில்லிமீட்டர் இல்லை. எட்டு நம்பர் ஸ்குரூவின் தடிமன் நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்க வெட்கப்பட்டு, கண்ணில் பட்ட கறுப்பு ஸ்குரூவைக் காட்டி வாங்கிவந்தேன். அது ஜிப்சம் போர்டில் அடிப்பதற்கான ஸ்குரூ. கடினமாக்கிய எஃகு. வளைந்து கொடுக்காது, ஒடியும். என் கையின் பெருமைதான் தெரியுமே. பாதிக்கு மேல் இறங்கியதும் டப்பென்று தலை ஒடிந்து விழுந்தது. உடம்பு நிலைக்குள் தங்கிவிட்டது. ஓட்டை பெரிதாக இருக்கிறது என்ற புகார் அத்தோடு தீர்ந்தது. அந்த இடத்தில் இப்போது ஓட்டையே இல்லை.

கார்ப்பென்டர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். மேல் கீலைப் பார்த்தார், நிலையில் ஓடிய வெடிப்பைப் பார்த்தார், குனிந்து கதவின் அடியைப் பார்த்தார், தாழ்ப்பாள் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"யாரு சார் இதெல்லாம் செஞ்சது?"

"முன்னாடி ஒருத்தர் வந்தாருண்ணே" என்றேன். உள்ளே மனைவி இருமினாள்.

"அவரத் திரும்பக் கூப்பிடாதீங்க."

பிறகு கீல் பக்கத்து இடுக்கிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை உருவி எடுத்தார். "இத யாரு வைக்கிறது?" அதற்கு மட்டும் முன்னாடி வந்தவர் மேல் பழிபோட முடியவில்லை. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகுவது என் பல வருட வழக்கம். அது இருப்பதை மறந்து யாராவது கதவைச் சாத்தித் தள்ளுவார்கள். காகிதம் கீலின் அச்சிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருக்கிறது, தள்ளுகிற கை 80 செ.மீ. தள்ளி. நெம்புகோல் கணக்கில் 40 மடங்கு. ஒருவர் 5 கிலோ விசையில் தள்ளினாலும் கீல்களைப் பெயர்க்கப் போவது ஏறக்குறைய 200 கிலோ. பிள்ளைகள் தொங்கியது, துணி மாட்டியது எல்லாம் இதன்முன் ஒன்றுமே இல்லை. அவர் காகிதத்தைப் பிரித்தார். பத்திரிகையில் நான் எழுதிய பழைய பத்தி ஒன்று அச்சான பக்கம். என் எழுத்துக்குக் கதவைப் பெயர்க்கும் வலிமை உண்டென்று இதுவரை எந்த விமர்சகரும் எழுதியதில்லை.

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பார்க்க மட்டும் அனுமதி இருந்தது. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஒடிந்த ஸ்குரூவைச் சுற்றிச் சின்னச் சின்னதாகத் துளையிட்டு, குறடால் பிடுங்கினார். வெடிப்புக்குள் பசையை இழுத்துவிட்டு கிளாம்ப் போட்டார். சீரழிந்த ஓட்டைகளை 10 மி.மீ. பிட்டால் இன்னும் பெரிதாக்கினார். எனக்குப் பதறியது, நான் செய்திருந்தால் அதைத்தானே தப்பு என்றிருப்பார்கள்? நைந்துபோன நார் முழுவதும் வெளியேறி நல்ல மரம் தெரிகிறவரை துளைத்தார். ஒவ்வொரு ஓட்டைக்கும் இறுக்கமாக வருகிறபடி தேக்குத் துண்டை முளையாகச் சீவி, பசையில் தோய்த்து, சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினார். எல்லா ஓட்டையும் அடைபட்டது. கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

"ஸ்குரூ?" என்றேன்.

"நாளைக்கு."

"இன்னிக்கே போட்டா?"

"போடலாம் சார். அடுத்த வாரம் மறுபடி வருவேன்."

அன்றைக்குப் பார்த்து மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர்கள் ஹாலில் படுத்தார்கள், நாங்கள் கதவில்லாத அறையில். காலையில் காப்பியை உறிஞ்சிக்கொண்டே மச்சான் கேட்டார்: "என்ன மாப்ளே, அந்த ஆளு ராத்திரியிலயும் மெஷின் போட்டு வேலை பாத்தாரா?" என் குறட்டையைக் கதவு இத்தனை காலம் எவ்வளவு தாங்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கீல் தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமா என்று மனைவி கேட்டாள். நெம்புகோல் கணக்கில் அது வராது.

சொன்னபடி கார்ப்பென்டர் வந்து முளைகளின் துருத்தலை உளியால் மட்டமாகச் சீவினார். கீலை வைத்து அளவெடுத்து, 3 மி.மீ. பிட்டால் சின்னத் துளை போட்டார். ஸ்குரூ போகவேண்டிய பாதையை முன்கூட்டியே காட்டிவிட்டால் மரமும் பிளக்காது, மரை மட்டும் நாரை வெட்டிப் போகும். பழைய ஸ்குரூ ஒன்றேகால் அங்குலம். இவர் கொண்டுவந்தது இரண்டு அங்குலம். முளையைத் தாண்டிப் பின்னால் இருக்கிற பழைய மரத்திலும் அது பிடிக்கும். மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்து, கையாலேயே திருகினார். நான் மெழுகைப் போட்டது ஓட்டையை நிரப்ப. அவர் போட்டது ஸ்குரூவை இறக்க. தலை தகட்டில் உட்கார்ந்ததும் கையை எடுத்துவிட்டார். எனக்குக் கை துடித்தது.

"இன்னும் ஒரு சுத்து?"

"வேணாம் சார்."

உங்கள் வீட்டுக் கீலில் ஓட்டை லேசாகத்தான் வழுக்குகிறது என்றால் இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு அந்த ஸ்குரூவைக் கழற்றுங்கள். மூங்கிலில் செய்த பல்குத்தும் குச்சியோ, மருந்து கிள்ளிய மரத் தீக்குச்சியோ போதும். பசையில் தோய்த்து, இனி இடமில்லை என்கிறவரை செருகி, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிச் சின்னத் துளை போட்டுத் திருகுங்கள். இதில் கஷ்டமான வேலை அந்த ராத்திரிதான். ஓட்டையிலிருந்து போனது மரம். உள்ளே திரும்பப் போகவேண்டியதும் மரம். கை பலத்தால் அதை ஈடுகட்ட முடியாது என்று எனக்குச் சொல்ல ஒரு கீலும் ஒரு நிலைக்காலும் அடிபட வேண்டியிருந்தது.

கதவு தன் பழைய இடத்துக்கு உயர்ந்தது. உயர்ந்ததும் நான் அதற்கு அதுவரை செய்த சேவை எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அடியில் வெளி மூலைப் பக்கம் ஒரு பல்லி தலை நிமிர்ந்து நடந்துபோகிற அளவுக்குச் சந்து. தாழ்ப்பாள் கம்பி நான் நீட்டிவைத்த ஓட்டைக்குள் மேலும் கீழும் ஆடிக்கொண்டு கடகடத்தது. கார்ப்பென்டர் அடியில் ஒரு மரப்பட்டியை ஒட்டி ஆணி அடித்தார். தாழ்ப்பாள் ஓட்டையின் கீழ்ப்பாதியை அடைத்துப் பித்தளைத் தகடு வைத்தார். கீலுக்கு ஆன நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் ஆனது. பட்டியின் நிறம் கதவோடு ஒட்டவில்லை. வருகிறவர்கள் டிசைனா என்று கேட்கிறார்கள்.

கூலி சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. "கீல் சின்ன வேலைதான் சார். முன்னாடி வந்தவர் செஞ்சு வச்சதுக்குத்தான் ஜாஸ்தி ஆயிடுச்சு. அவருக்கு வேற நீங்க தண்டமா கூலி குடுத்திருப்பீங்க."

மனைவி பணத்தை எண்ணி அவர் கையில் வைத்தபடி சொன்னாள்: "கூலி எங்கண்ணே? அவருக்கு இன்னும் மூணு வேளை சோறு போட்டுட்டு இருக்கேன்."